டிக்கெட் பதினாலு, க்யூஆர் ரெண்டே ரெண்டு

கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து கீழே கேரளாவுக்கு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போலி டிக்கெட்டில் மட்டும் 6,300 ரூபாய் போனது. வேன் வாடகை, டீசல், பரோட்டா எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

வெட்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடலூரில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ரயில் டிக்கெட், ஆதார் பிரிண்ட், வருமானச் சான்று விண்ணப்பம் என்று நாள் ஓடும். 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து வெளியூர் வண்டிக்காரர்களுக்கு பாஸ் எடுத்துக் கொடுப்பதே பாதி வேலை. தினமும் முப்பது நாற்பது க்யூஆர் கோடு என் பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வருகிறது. "தெரியாதவர்களுக்குப் பணம் அனுப்பும் முன் யோசியுங்கள்" என்று கடைச் சுவரில் ஏ4 தாளில் ஒட்டியிருப்பவனும் நானேதான். அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் பணம் அனுப்பினேன்.

கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேரளாவில் இப்போது கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று. டிக்கெட் விற்றவன் பெயரும் வேண்டாம், அது புகாரில் இருக்கிறது. இங்கே எழுதினால் அந்த ஒருவனிடம் மட்டும் உஷாராக இருந்துவிட்டு அடுத்தவனிடம் போய் விழுவீர்கள்.

எங்கள் வீட்டுப் பந்துப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. 1964 ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு கிடைத்த குடும்பம். கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமமான இடம் உண்டு. ஒரு பக்கம் கோல் போஸ்ட் சில்வர் ஓக் மரம், மறுபக்கம் நட்டுவைத்த மூங்கில். பந்து தேயிலைச் சரிவில் உருண்டுவிட்டால் ஆட்டம் பத்து நிமிஷம் நிற்கும். அப்பா கோல் கீப்பர். வெலிங்டன் ராணுவ முகாமின் எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்ட்) டீம் 1955லும் 1958லும் டியூரண்ட் கோப்பையை ஜெயித்ததையும், அந்த டீமின் பீட்டர் தங்கராஜ் இந்தியாவுக்கே கீப்பர் ஆனதையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். அப்போதெல்லாம் அவர் கண்டி பக்கத்தில் சின்னக் குழந்தை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் வளர்ந்ததே மலப்புறம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், பார்த்துத்தான். 2022 மே 2ஆம் தேதி மஞ்சேரி பையநாட்டில் மாநில டீம்கள் மோதும் சந்தோஷ் டிராபி ஃபைனல். கேரளா பெங்காலைப் பெனால்டியில் அடித்த ராத்திரி. மறுநாள் பெருநாள். மூச்சுவிட இடமில்லாத கேலரியில் யாரென்றே தெரியாத ஒரு சேட்டன் என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த ஒரு ராத்திரிக்காகவே அதற்குப் பிறகு எத்தனை மட்டமான மேட்ச் பார்த்தாலும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் பின்தொடரும் கிளப் இந்த சீசனில் கேலரி டிக்கெட்டை 250லிருந்து 400 ஆக்கியது. நன்றாக ஆடிய மிட்ஃபீல்டரை நடு சீசனில் விற்றார்கள். கோச்சை அனுப்பினார்கள். முதலாளி ஜெர்ஸி வெளியீட்டுக்கு மட்டும் வருவார், கழுத்தில் ஸ்கார்ஃப் போட்டுப் போட்டோ எடுப்பார், போய்விடுவார். வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு கட்சி. மேட்ச்சைப் புறக்கணிப்போம், காலி நாற்காலியைப் பார்த்தால்தான் முதலாளிக்குப் புரியும் என்று ஒரு கட்சி. முதலாளி இன்று வருவான் நாளை போவான், டீம் நம்முடையது என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது.

முதல் கட்சிக்காரர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் கதையைச் சொல்வார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச விலை டிக்கெட்டை 77 பவுண்டு ஆக்கப்போவதாக அறிவித்ததும் சரியாக 77ஆவது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது, சில நாளில் முதலாளிகள் விலையை வாபஸ் வாங்கினார்கள். இங்கேயும் நடந்திருக்கிறது. கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் பெயருக்கு முன்னால், அதோடு இணைந்த இன்னொரு கிளப்பின் பெயரான ஏடிகே என்று ஒட்டியதை எதிர்த்து ரசிகர்கள் விடாமல் கத்தினார்கள், 2023இல் அந்த எழுத்துகள் போயின. அதற்கு நேர்மாறும் உண்டு. டெல்லி டைனமோஸ் 2019இல் மூட்டை கட்டிக்கொண்டு புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. டெல்லிக்காரன் பழைய ஜெர்ஸியை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பான் என்று அடிக்கடி யோசிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து ஜில்லா டீமோடு மேட்ச், சனிக்கிழமை ராத்திரி ஏழரை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆப்பில் டிக்கெட் திறந்தது. ஒன்பது ஐம்பதுக்கே கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து பதினொன்றுக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று வந்தது. பதினோரு நிமிஷம். ஸ்பான்சருக்கு எத்தனை, முதலாளியின் விருந்தாளிகளுக்கு எத்தனை, பொதுவில் விட்டது எத்தனை என்று எந்தக் கிளப்பும் வாயைத் திறக்காது.

மத்தியானம் குரூப்பில் ஒருவன் எழுதினான்: "14 டிக்கெட் இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்." புதுசாக முளைத்த ஆள் இல்லை. ரெண்டு வருஷமாகக் குரூப்பில் இருப்பவன். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அஞ்சு நிமிஷ வாய்ஸ் நோட் போடுவான், ரெஃப்ரீயைத் திட்டுவான், முதலாளியை அதற்கு மேல் திட்டுவான். முதலாளியைத் திட்டுகிறவன் நம்ம ஆள் என்று மனசு தானாக முடிவு கட்டிவிட்டது. டிக்கெட் 400, மேலே 50. "அண்ணே, எனக்கு லாபமே இல்ல, பெட்ரோல் காசு." அனுப்பும்போது திரையில் வந்த பெயர் ஒரு பெண் பெயர். கேட்டேன். "அது வொய்ஃப் அக்கவுண்ட் அண்ணே." சரி என்றேன். பதினாலு பிடிஎஃப் வந்தது. வரிசையாகத் திறந்து கேலரி, வரிசை, சீட் நம்பர் பார்த்தேன். எல்லாம் அடுத்தடுத்த சீட். க்யூஆரை மட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு டி.என். 43 டிராவலரில் கிளம்பினோம். கடைப் பையன்கள், தோட்டத்து நண்பர்கள், ரெண்டு சித்தப்பா, அக்கா, அக்காவின் ஒன்பது வயசுப் பையன். அவனுக்கு இது முதல் மேட்ச். நாடுகாணி தாண்டுவதற்குள் ரெண்டு தரம் வாந்தி எடுத்தான், ஆனாலும் முகத்தில் பூசிய சாயம் கலையக் கூடாது என்று கர்ச்சீஃபை ஒற்றி ஒற்றித்தான் துடைத்தான். வழிக்கடவு, நிலம்பூர், டீ, பழம்பொரி. மைதானத்தைத் தொடும்போது ஆறு மணி.

கேட்டில் நின்ற பையனுக்கு இருபது வயசு இருக்கும். பெரிய சித்தப்பா டிக்கெட்டை முதலில் நீட்டினார். மிஷின் ஒரு தரம் கத்தியது, சிவப்பு. மறுபடி வைத்தான், சிவப்பு. "இது ஸ்கேன் ஆயதாணல்லோ சேட்டா" என்றான், ஏற்கெனவே ஸ்கேன் ஆனதாம். அடுத்தது, அதுவும் சிவப்பு. ஏழாவது டிக்கெட் வரை பொறுமையாக வைத்துப் பார்த்தான், பாவம். பின்னால் கூட்டம் நெருக்க, "சைடு மாறி நிக்கு" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஃபோன் போட்டேன். நம்பர் அணைந்திருந்தது. குரூப்பைத் திறந்தால் என்னை அதிலிருந்து நீக்கியிருந்தான். அப்போதுதான் தெரிந்தது, குரூப்புக்கு அட்மினே அவன்தான்.

உதவி கவுன்ட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் மேஜை. அங்கே எங்களை மாதிரி இன்னும் இருபது முப்பது பேர். அரீக்கோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். என்னிடம் இருக்கிற அதே க்யூஆர். கிளப் ஆள் சொன்ன பதில்: டிக்கெட் எங்கள் பொறுப்பு இல்லை, டிக்கெட் கம்பெனியைக் கேளுங்கள். டிக்கெட் கம்பெனி நம்பரில் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று ஒரு மிஷின் பேசிக்கொண்டே இருந்தது. சரி, புதுசாகப் பணம் கட்டுகிறோம், பையனையும் அக்காவையும் மட்டுமாவது விடுங்கள் என்றேன். டிக்கெட் இல்லை, ஃபுல் என்றார்.

பார்க்கிங்கில் வேனுக்குள் உட்கார்ந்து என் ஃபோனில் பார்த்தோம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோனில் வருகிற படம் நிஜ ஆட்டத்துக்கு அரை நிமிஷம் பிந்தி வரும். மைதானம் நூறடி தூரம். முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் இடி விழுந்த மாதிரி சத்தம் வரும். வேன் கண்ணாடி அதிரும். ஃபோனில் எங்கள் ஆள் அப்போதுதான் த்ரோ எறியப் பந்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். கோல் என்று தெரிந்துவிட்டது, யார் என்று தெரியவில்லை. பதினாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே நடந்து முடிந்த கோலுக்காகக் காத்திருப்போம். ரெண்டாவது கோலுக்குப் பையன் ஃபோனைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். சுவரைப் பார்த்தபடி, "மாமா, உள்ள எப்படி இருக்கும்?" என்றான். கேமரா ஒரு தரம் கிழக்கு கேலரியைக் காட்டியது. ஃபுல் என்றாரே, அந்த கேலரியில் ஒரு மூலை முழுக்கக் காலி நாற்காலி.

ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். நாடுகாணி ஏற்றத்தில் யானை நின்றதால் முக்கால் மணி நேரம் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த இருட்டில் கிளப் பக்கத்தில் புதுப் பதிவு வந்தது: "எங்கள் பன்னிரண்டாவது வீரருக்கு நன்றி." சித்தப்பா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை கடையில் பதினாலு தாளையும் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்பினேன். ரெண்டு க்யூஆர்தான். ஏழு தாளில் ஒன்று, ஏழு தாளில் இன்னொன்று. சீட் நம்பர் எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிட ஒரு நூல் தடிமன். வாங்கிய ரெண்டு நிஜ டிக்கெட்டில் நம்பரை மாற்றி மாற்றி எத்தனை பேருக்கு விற்றானோ. முதலில் போய் நீட்டியவன் உள்ளே போனான், மற்றவனுக்கெல்லாம் சிவப்பு. தினமும் நாற்பது க்யூஆர் பார்க்கிறவனுக்கு இது செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்க வேண்டும்.

நான் செய்த தப்பு ஒன்று. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அந்த ராத்திரியே போன் பண்ணியிருக்க வேண்டும், மறுநாள்தான் பண்ணினேன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் அக்கவுண்டில் மாட்டும். நான் சொல்லும்போது 1,100 ரூபாய்தான் மிச்சம் இருந்தது, அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யுபிஐயில் வருகிற 12 இலக்க எண்ணும் ஸ்க்ரீன்ஷாட்டும் கேட்பார்கள், சாட்டை அழித்துவிடாதீர்கள். கிளப், டிக்கெட் கம்பெனி மேல் தனியாக 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு மெசேஜ் வந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. நான் புலம்பியதைப் பார்த்துவிட்டு ஒருவன் கூப்பிட்டான், கிளப் ரீஃபண்ட் பிரிவாம். க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் 6,300 ஏறிவிடும் என்றான். நமக்குப் பணம் வர எந்தக் காலத்திலும் பின் நம்பர் தேவையில்லை. அந்த ஒன்றில் மட்டும் பிழைத்தேன்.

இனிமேல் நான் பிடிஎஃப்பையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ வாங்குவதாக இல்லை. ஆப்பில் டிக்கெட்டை இன்னொரு நம்பருக்கு மாற்றும் வசதி இருந்தால் என் நம்பருக்கு மாற்றிக் கொடு, அது என் ஆப்பில் வந்த பிறகு பணம். அந்த வசதி இல்லையென்றால் கேட்டில் சேர்ந்து நில், நான் உள்ளே போய்விட்டு அனுப்புகிறேன். "நம்ம ஆளுங்க" என்று சொல்கிறவன் இதற்கு முறைத்துக்கொண்டால் முறைக்கட்டும். சொந்தமாக நல்ல டிக்கெட் வாங்கியவர்களுக்கும் ஒன்று: சந்தோஷத்தில் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். கோடு தெரிந்தால் போதும், உங்களுக்கு முன்னால் வேறொருவன் உள்ளே போய் உட்கார்ந்திருப்பான்.

2025 டிசம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்களின் டிக்கெட் எல்லாம் நிஜம். மெஸ்ஸியைச் சுற்றி வி.ஐ.பி. கூட்டம், அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார், ஜனம் நாற்காலியைப் பிடுங்கி எறிந்தது. அன்றைக்கு டிவியைப் பார்த்து "சே, என்ன ஜனங்க" என்றேன். இப்போது அப்படிச் சொல்ல வரவில்லை.

புறக்கணிப்புக் கட்சியில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். பையன் அடுத்த ஹோம் மேட்ச் தேதியைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, ஓவேலி பக்கம் யாராவது இதே மேட்ச்சுக்கு இப்படி வாங்கி ஏமாந்திருந்தால் பிடிஎஃப்பை அழிக்காமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். க்யூஆரை ஒப்பிட்டுப் பார்த்து, என் புகாரோடு சேர்த்து உங்கள் பெயரிலும் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம். பிரிண்ட்டுக்கு மட்டும் தாளுக்கு ரெண்டு ரூபாய்.