முதலில் கரைவது எது? காயத்துக்கு இழப்பீடு கேட்பவர் சேர்க்க வேண்டிய ஆதாரங்கள்

ஈரத்தரையில் வழுக்கி என் அக்கா விழுந்த அன்று எங்களுக்கு அவளுடைய வலி மட்டும்தான் தெரிந்தது. ஆதாரம் என்ற நினைப்பே வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் தரை காய்ந்து, அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை ஒன்று முளைத்திருந்தது. கேமராப் பதிவும் அழிந்துவிட்டது.

காயம் பட்டது உண்மை என்பதால் மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. நடந்ததை நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாகக் கேட்பவருடையது. இழப்பீடு கேட்கும் இத்தகைய உரிமையியல் (சிவில்) வழக்கில், குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதே பல நாடுகளில் உள்ள அளவுகோல். அந்த அளவையாவது எட்ட எந்த ஆதாரம் உதவும், எதை முதலில் கைப்பற்ற வேண்டும் என்பதுதான் இந்த அலசல்.

புகைப்படமா, கேமராப் பதிவா?

விழுந்த விதத்தை நொடி நொடியாகக் காட்டுவது கேமராப் பதிவு. அந்த வலிமை புகைப்படத்துக்குக் கிடையாது. ஆனால் பதிவு பெரும்பாலும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். இடம் நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும்படிதான் பல கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் அதற்குச் சில நாட்களே ஆகும், சில இடங்களில் சில வாரங்கள். புகைப்படம் நம் கையில் இருப்பது. ஆகவே என் தேர்வு புகைப்படம்தான். முதலில் இடம் முழுவதும் தெரிய ஒன்று, பிறகு நெருங்கி ஒன்று, அளவு புரிய அருகில் ஒரு நாணயத்தை வைத்து ஒன்று. மூலப் படத்தை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். கேமராப் பதிவுக்கு, தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குத் தடயம் இராது.

சாட்சியின் நினைவா, அன்றே எழுதிய வாக்குமூலமா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: எழுதியதுதான். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரே வாகன மோதல் காட்சிகளைப் பலருக்குக் காட்டி, வேகத்தைக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்களுக்கோ 31.8 மைல். கேள்வியில் ஒரு வினைச்சொல் மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம். ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் நிற்கும் சாட்சியின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் தன் சொந்தச் சொற்களில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட அரைப் பக்கம் போதும். நாம் சொல்லிக்கொடுத்து எழுதவைக்கக் கூடாது.

மருத்துவப் பதிவா, வலிக் குறிப்பேடா?

நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். மருத்துவப் பதிவின் பலம், வழக்கில் ஆதாயம் இல்லாத ஒருவர் அந்த நேரத்திலேயே எழுதியது என்பது. ஆனால் மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் நாம் சொன்னதைத்தான். அக்காவின் முதல் சீட்டில் "கீழே விழுந்ததில் வலி" என்று மட்டுமே இருந்தது. எங்கே, எதனால் என்று இல்லை. வீட்டிலேயே விழுந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்க அந்த ஒரு வரி இடம் கொடுத்துவிட்டது. முதல் எக்ஸ்ரேயிலும் முறிவு தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் படகெலும்பு முறிந்தால் சில நேரம் அப்படித்தான், 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் தெரியவரும். வலி போகவில்லை என்று அவள் பிடிவாதமாகத் திரும்பிப் போனதால்தான் முறிவு பதிவில் ஏறியது. நடுவில் சும்மா இருந்திருந்தால், அந்த இடைவெளியையே காட்டிக் காயம் பெரிதல்ல என்று வாதாடியிருப்பார்கள்.

எனினும், எலும்பு கூடிவிட்டது என்று சொல்லும் மருத்துவப் பதிவு, கூடும்வரை பட்ட பாட்டைச் சொல்வதில்லை. அதற்குக் குறிப்பேடு வேண்டும். "வலி அதிகம்" என்று தினமும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அக்கா எழுதியது வேறு மாதிரி: "மகளின் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவளே போட்டுக்கொண்டாள்." வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் எழுதிய கோணல் எழுத்து அது. வலி குறைந்த நாளையும் அவள் மறைக்காமல் எழுதியிருக்கிறாள், அதனால்தான் மற்ற நாட்களும் நம்பும்படி இருக்கின்றன. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் மருத்துவப் பதிவைத்தான் சொல்வேன். குறிப்பேட்டை மட்டும் நம்பி வழக்கு நடத்த முடியாது.

ரசீதா, வங்கிக் கணக்கு அறிக்கையா?

பணம் போனதை வங்கி அறிக்கை காட்டும், எதற்குப் போனது என்பதை ரசீதுதான் காட்டும். இரண்டும் வேண்டும். ஆனால் சூட்டில் அச்சாகும் வழவழப்பான ரசீதுத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் எடுத்ததற்குக் கொடுத்த ரசீது, எங்கள் கோப்பில் இருப்பது, இப்போது வெறும் வெள்ளைத் தாள். அதன் நகலைக் கேட்டு நேற்றுதான் கடிதம் எழுதினேன்.