காத்மாண்டுவில் மவுண்டன் ஃபிளைட் ஏறப் போகிறீர்களா? எங்கள் 46,000 ரூபாய் போனது இப்படித்தான்

காத்மாண்டு போகிறவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். தமேல் பகுதியில் ஒரு டிராவல்ஸ் கடையில் 46,000 ரூபாய் கட்டினோம். விமானமும் ஏறவில்லை, பணமும் திரும்பவில்லை. நேபாள ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள், நம் ரூபாய். இன்று காலையிலிருந்து அந்த ஆளுக்கு நான் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திக்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. முகப்புப் படமும் மறைந்துவிட்டது. பிளாக் செய்துவிட்டான். இதற்குமேல் பொறுத்துப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது. அதோடு, இந்தப் பெயரைக் கழற்றிவிட்டு அடுத்த சந்தில் வேறு போர்டு மாட்ட இவர்களுக்கு ஒரு ராத்திரி போதும். ஆள் எப்படிப் பேசினான், எங்களை எப்படி உட்கார வைத்தான் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

முதலில், தெரியாதவர்களுக்காக: மவுண்டன் ஃபிளைட் என்பது காத்மாண்டு திரிபுவன் விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி, இமயமலை வரிசையை ஒட்டிக் கிழக்கே எவரெஸ்ட் வரை போய், எங்கும் இறங்காமல் சுமார் ஒரு மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பும் சிறிய விமானப் பயணம். எல்லாருக்கும் ஜன்னல் சீட். மலையேற உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கு எவரெஸ்ட்டைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அப்பாவுக்காகத்தான் இந்தப் பயணமே. அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியராக இருந்தவர். எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று புது அளவை அறிவித்தபோது, ரிட்டயர் ஆகியிருந்தும் பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன மனிதர் அவர்.

சரி, கடைக்கு வருகிறேன். தங்கியிருந்த ஹோட்டலுக்கு நாலு கடை தள்ளி. வெளியே எவரெஸ்ட், அன்னபூர்ணா, சித்வன் காண்டாமிருகம் என்று வழக்கமான படங்கள். ஆன்லைன் வரைபடத்தில் பார்த்தால் நட்சத்திரங்களும் பாராட்டுகளும் நிறையவே இருந்தன. நாங்கள் வாசலில் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?"

தமிழ்! அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஹிந்தி தெரியாமல், எதைக் கேட்பதென்றாலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் குரல் கேட்டதும் யாரையும் எதிர்பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். சென்னை அண்ணா நகரில் ஹோட்டலில் வேலை பார்த்தேன் என்றான். அவன் பேச்சைக் கேட்டாலே தெரிந்தது, அது பொய்யில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் டீயைத் திருப்பி அனுப்பிச் சர்க்கரை இல்லாமல் கொண்டுவரச் சொன்னான். அப்பாவிடம் "ஐயா, நீங்க போகும்போது இடது பக்கம் உக்காருங்க, மலை மொத்தமும் அந்தப் பக்கம்தான் தெரியும். பைலட்டுகிட்ட சொல்லி காக்பிட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்றேன்" என்றான். அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

நேபாள உள்நாட்டு விமானங்களில் இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவர் டாலரில் கட்டுவதைவிடக் குறைவு. அதை அவனே சொன்னான், அது உண்மையும்கூட. தலைக்கு 11,500, நாலு பேருக்கு 46,000. மேசை மேல் கால்குலேட்டரைத் திருப்பி வைத்து, நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 என்ற கணக்கில் 73,600 நேபாள ரூபாய் என்று தட்டிக் காட்டினான். காசு பிசகவில்லை. ஏமாற்றுகிறவன் மாற்று விலையில்தான் கை வைப்பான் என்று எல்லாரும் எழுதியிருப்பார்கள். இவன் அதில் நேர்மையாக இருந்து காட்டினான். இப்போது யோசித்தால் அதுவும் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

"யூபிஐ போட்டுடுங்கண்ணா, சென்னையில இருந்தப்ப ஆரம்பிச்ச அக்கவுண்ட், உங்களுக்கும் கட்டணம் பிடிக்காது" என்று போனில் ஒரு க்யூஆர் காட்டினான். ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வந்தது. கேட்டேன். "தம்பி பேருண்ணா, அவன் இன்னும் அங்கதான் இருக்கான்." 46,000 போனது. எங்கள் நாலு பேர் பாஸ்போர்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஏ4 தாளில் விமான நிறுவனத்தின் சின்னம், எங்கள் பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்தான். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இடையில் இருந்த நாட்கள் அருமையாகப் போயின, அதையும் சொல்லிவிடுகிறேன். பசுபதிநாதர், ஜலநாராயணராகப் பெருமாள் நீருக்குள் பள்ளிகொண்டிருக்கும் புதாநீலகண்டம், தான்கோட்டிலிருந்து கேபிள் காரில் ஏறிச் சந்திரகிரி. பக்தபூரில் 1702-இல் கட்டிய ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயில், 1934 நிலநடுக்கத்துக்கும் 2015 நிலநடுக்கத்துக்கும் சாயாமல் நின்றது என்று அப்பா படிக்கட்டில் நின்றே வகுப்பெடுத்தார். மண் சட்டியில் வைத்துத் தரும் ஜுஜு தௌ தயிரை அம்மா இரண்டு வாங்கினார். டிக்கெட் இருந்த இடமெல்லாம் கவுண்டரில்தான் வாங்கினோம். சார்க் நாட்டவருக்குத் தனிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், ஒருவரும் ஒரு பைசா கூடக் கேட்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே கார் வந்தது. அதுவரை சரிதான். டிரைவர் உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிட்டு "உள்ளே பையன் வருவான்" என்று சொல்லிப் போய்விட்டார். எந்தப் பையனும் வரவில்லை. கூட்டம் நகர நகர நாங்களே அந்த விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போனோம். அந்தப் பெண் தாளை வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, திரையில் தேடி, இன்னொருவரை அழைத்துக் காட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சார், இது டிக்கெட் இல்லை. இதில் டிக்கெட் எண்ணே இல்லை. உங்கள் பெயர் எந்த விமானத்திலும் இல்லை."

போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். "அண்ணா, வெதர் சரியில்ல, இன்னைக்கு எல்லா ஃபிளைட்டும் கேன்சல். நீங்க ரூமுக்குப் போங்க, நா பாத்துக்கறேன்."

நான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடி வழியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அறிவிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. முதலில் போனவர்கள் திரும்பி வந்து, கையில் விமான நிறுவனம் கொடுத்த சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக அப்பா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வேறு டிக்கெட் வாங்கலாம் என்றால் சீசன், அன்றைக்கு எல்லா விமானமும் நிரம்பிவிட்டது. மறுநாள் நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். "விடுப்பா, சந்திரகிரியிலேயே மலையைப் பாத்துட்டோம்ல" என்றார் அப்பா. சந்திரகிரியில் அன்றைக்கு மேகம். ஒன்றும் தெரியவில்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் பணம் போனதைவிட எரிச்சல்.

நேராகக் கடைக்குப் போனோம். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே ஒரு சின்னப் பையன் மட்டும். முதலாளி தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டாராம். முந்தின நாள் மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தவன்! தசைன் என்றால் காத்மாண்டுவே காலியாகும், பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போவார்கள், அலுவலகங்கள் மூடியிருக்கும். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் அவன் ஒளிந்துகொண்டான். வாட்ஸ்அப்பில் பதில் மட்டும் தேன் தடவி வரும். "அண்ணா கவலப்படாதீங்க, ஏர்லைன்ஸ்ல ரீஃபண்ட் போட்டாச்சு." எந்த ஏர்லைன்ஸ்? அவர்கள்தான் பெயரே இல்லை என்றார்களே. "சிஸ்டம் பிரச்சனைண்ணா." கொஞ்ச நாள் கழித்து, "பேங்க் டீடெயில் அனுப்புங்க." அனுப்பினேன். அப்புறம், "தசைன் லீவு முடிஞ்சதும் முதல் வேலை உங்களோடதுதான்." லீவு முடிந்தது. "அம்மா எப்படி இருக்காங்க? சுகர் கன்ட்ரோல்ல இருக்கா?" என்று விசாரித்துவிட்டு, "திகார் பண்டிகை வருதுண்ணா, உங்க தீபாவளிக்குள்ள 46,000-மும் வந்துடும்" என்றான். அம்மாவின் சர்க்கரையை விசாரித்த அந்த ஒரு வரியை என்னால் மன்னிக்கவே முடியாது. நாளைக்குத் தீபாவளி. இன்றைக்கு பிளாக்.

ஹோட்டல்காரர்கள் "அந்தக் கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் ரிசப்ஷனில்தான் அந்தக் கடையின் விளம்பர அட்டை அடுக்கியிருந்தது. வங்கியில், "உங்கள் பின் நம்பரைப் போட்டு நீங்களே அனுப்பிய பணம், இதை மோசடிப் பரிவர்த்தனை என்று எடுக்க முடியாது" என்கிறார்கள். திருப்பித் திருப்பி அதே வரி, ஆள் மட்டும் வேறு வேறு.

உருப்படியாகக் காது கொடுத்துக் கேட்டது பிருகுடிமண்டபத்தில் இருக்கும் சுற்றுலாப் போலீஸ்தான். ஊருக்குக் கிளம்பும் முன் அங்கே எழுதிக் கொடுத்தோம். அவர்கள் முதலில் கேட்டது, கடையின் பான் எண் (வரிப் பதிவு எண்) போட்ட பில் இருக்கிறதா என்று. எங்களிடம் இருந்தது அந்த ஏ4 தாள் மட்டும். பணம் நேபாளக் கணக்குக்கே வராததால் இந்தியாவிலும் புகார் கொடுக்கச் சொன்னார்கள். இங்கே வந்ததும் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து பதிவு செய்தேன். ஒப்புகை எண் கிடைத்திருக்கிறது. 46,000 இன்னும் கிடைக்கவில்லை.

போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மவுண்டன் ஃபிளைட் டிக்கெட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்திலோ அவர்களுடைய அலுவலகத்திலோ நேராக வாங்குங்கள். கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டிக்கெட் எண்ணை வாங்கி, அந்த நிறுவனத்துக்கே போன் செய்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டபிறகு பணம் கொடுங்கள். கடைக் க்யூஆருக்குப் பதிலாக இந்தியாவில் இருக்கும் தனியாள் கணக்குக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும். பான் எண்ணோடு பில் கேளுங்கள். ஊர் திரும்பும் முந்தின நாளில் இந்த விமானத்தை வைக்காதீர்கள். முதல் நாளிலேயே வையுங்கள். மேகம் மூடினாலோ ஏமாந்தாலோ இன்னொரு காலைப்பொழுது மிச்சமிருக்கும். சுற்றுலாப் போலீஸ் எண் 1144, போனில் பதிந்து வையுங்கள்.

தமேலில், தமிழ் பேசி டீ கொடுத்து, சென்னையில் இருக்கும் தம்பி கணக்கு என்று சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, 1930-இல் புகார் கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். ஒரே கணக்கின் மேல் நாலைந்து புகார் விழுந்தால் அதை முடக்க வைப்பது எளிது என்று 1930-இல் பேசியவர் சொன்னார். அந்தக் கணக்கின் விவரம் முழுக்க என்னிடம் இருக்கிறது.