கிரயமா, பவரா, கையெழுத்தா: கூட்டாக எழுதிய நிரலுக்கு எந்தப் பத்திரம்?

களக்காட்டில் ஒரு வாழைத்தார் மண்டியில் எங்கள் மென்பொருளை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம். தார் எண்ணிக்கை, எடை, கமிஷன், இறக்குகூலி, விவசாயிக்குக் கொடுத்த முன்பணம் என்று மண்டியின் அன்றாடக் கணக்கு முழுவதையும் பார்க்கும் நிரல் அது. பாளையங்கோட்டையிலும் சேரன்மகாதேவியிலுமாக ஆறு பேர் ஓய்வு நேரத்தில் எழுதி, ஜி.பி.எல். உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும்) வெளியிட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த மண்டி அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இது யாரு சொத்து? நாளைக்கு ஒருத்தன் வந்து இது என்னுதுன்னு நின்னா, நான் என் கணக்கை எங்க போய்த் தேடுவேன்?"

"இது எல்லாருக்கும் பொது அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் சொன்னதுபோலவே ஒருவர் வந்து நின்றார். எங்களில் ஒருவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பணியில் இருந்த காலத்தில் அவர் எழுதிய நிரல் எல்லாம் தங்களுக்கே உரியது என்று அந்த நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. வேலையில் சேர்ந்த அன்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. முன்பணக் கணக்குப் பகுதி மொத்தமும் அவர் கை. வழக்காட எங்களிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அவர் எழுதியதைப் பார்த்தே இராத இரண்டு பேரைக் கொண்டு முதலிலிருந்து எழுதினோம். நான்கு மாதம் ஆனது. அதற்குள் மூன்று மண்டிகள் நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டன.

என் பெரியப்பா பாளையங்கோட்டையில் பத்திர எழுத்தராக இருந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மூலப்பத்திரமும் வில்லங்கமும் பாக்காம எவனாவது வயல் வாங்குவானாடே?" என்றார். அன்றிலிருந்து இந்த விஷயத்தை அவருடைய கண்ணால்தான் பார்க்கிறேன். பல பேர் சேர்ந்து எழுதும் நிரலின் உரிமையை எழுதி வைக்க இன்று நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு எது பொருந்தும் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சட்டம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகையில்தான் வருகிறது. எழுதிய நொடியில் உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. எழுதியவரே முதல் உரிமையாளர். ஆனால் பிரிவு 17(இ) ஒரு விலக்கு வைக்கிறது: வேலை ஒப்பந்தத்தின்கீழ், அந்த வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை முதலாளியே முதல் உரிமையாளர். எங்களைத் தடுக்கிவிட்டது இந்த வரிதான். இதற்கு நேரெதிர் நிலைமை பலருக்குத் தெரிவதில்லை. வெளியாள் ஒருவருக்குக் காசு கொடுத்து நிரல் எழுதி வாங்கினால், எழுத்தில் ஒப்படைப்பு வாங்காதவரை உரிமை அவரிடமே இருக்கும். காசு கைமாறியதால் மட்டும் நிரல் கைமாறிவிடாது.

இனி முதல் வழி, கிரயம். நிரல் எழுதும் ஒவ்வொருவரும் தன் பதிப்புரிமையை ஓர் அமைப்புக்கு முழுதாக எழுதிக் கொடுத்துவிடுவது. கட்டற்ற மென்பொருளுக்காக இயங்கும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், ஜி.சி.சி. என்ற நிரல் மாற்றி, ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பி போன்றவற்றுக்குப் பல பத்தாண்டுகள் இப்படித்தான் வாங்கியது. பதிலுக்கு, எழுதியவர் தன் நிரலை இஷ்டம்போல் பயன்படுத்த உரிமை திரும்பக் கிடைக்கும். அது என்றும் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்ற வாக்குறுதியும் எழுத்தில் கிடைக்கும்.

இதன் பலம் நீதிமன்றத்தில்தான் தெரியும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நிறைய எழுதிய கிறிஸ்டோஃப் ஹெல்விக், வி.எம்.வேர் நிறுவனம் ஜி.பி.எல். உரிமத்தை மீறியதாக 2015-ல் ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனார். 2016-ல் வழக்கு தள்ளுபடி ஆனது, 2019-ல் மேல்முறையீடும் தோற்றது. அவர்கள் மீறவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைபட்ட நிரலில் எந்தெந்த வரி உம்முடையது, அதில் எது அவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதை நீர் போதுமான அளவு நிறுவவில்லை என்றுதான் சொன்னது. கூட்டுப் பட்டாவில் தன் பாகத்தின் நான்கெல்லை காட்டத் தெரியாதவர் நிலைமை. உரிமை முழுவதும் ஒரே கையில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

உரிமை சிதறிக் கிடப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கெர்னலில் பிணையப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் எழுதியிருந்த ஒருவர், தன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் நிறுவனங்களைப் பணத்துக்காகத் துரத்தினார் என்ற புகாரில், 2016-ல் அந்தக் குழு அவரை இடைநீக்கம் செய்தது. ஒரு பங்காளி நினைத்தால் மொத்த வீட்டின் பேரும் கெடும்.

இவ்வளவு பலமான வழியை ஜி.சி.சி. குழுவே 2021 ஜூனில் கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டது. ஆகஸ்டில் ஜிலிப்சி என்ற நிரல் நூலகமும் அதே வழியில் போனது. ஒரு சின்னப் பிழை திருத்தம் அனுப்ப வருகிறவரிடம் பத்திரத்தை நீட்டினால் பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

நம் ஊரில் கிரய வழிக்குக் கூடுதல் முட்களும் உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிவு 19-ன்படி ஒப்படைப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஒரு வெளிநாட்டுப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் குழுக்களை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த மூன்று வரிகளும் தங்கள் தாளில் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். பிரிவு 30ஏ இதே விதிகளை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. ஆகவே அடுத்து வரும் பவர் பத்திரமும் இந்த முள்ளிலிருந்து தப்பவில்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் ஒன்று மட்டும் போகாது: "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமை. பிரிவு 57 அதை எழுதியவரிடமே வைத்திருக்கிறது.

இரண்டாவது, பவர் பத்திரம். சி.எல்.ஏ. என்று சொல்வார்கள், பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். நிலம் உன் பேரில்தான் இருக்கும், ஆனால் அதை எப்படியும் பயன்படுத்த, பிறருக்கு எந்த நிபந்தனையிலும் கொடுக்க, பவர் வாங்கியவருக்கு அதிகாரம். இதைப் பற்றிப் பேசும்போது பவர் யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசுகிறார்கள். அப்பாச்சி ஃபவுண்டேஷனும் சி.எல்.ஏ. வாங்குகிறது, அது லாப நோக்கமற்ற அமைப்பு. அதே தாளை ஒரு வணிக நிறுவனம் வாங்கும்போது அதன் பொருளே வேறு.

தரவுத்தளம் தயாரிக்கும் மோங்கோடிபி 2018 அக்டோபரில் ஜி.பி.எல். வகையைச் சேர்ந்த ஏ.ஜி.பி.எல். உரிமத்தை விட்டு, தானே எழுதிய, கட்டுப்பாடு கூடிய எஸ்.எஸ்.பி.எல். உரிமத்துக்குத் தாவியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில், கணினிக் கட்டமைப்பை நிர்வகிக்கும் தன் டெராஃபார்ம் கருவியை எம்.பி.எல். என்ற திறந்த உரிமத்திலிருந்து பி.எஸ்.எல். என்ற கட்டுப்பாட்டு உரிமத்துக்கு மாற்றியது. பவர் தாள் கையில் இருந்ததால் எழுதியவர்களிடம் மறுபடி கேட்க வேண்டிய தேவை இரண்டு நிறுவனங்களுக்குமே இருக்கவில்லை. டெராஃபார்மை நம்பியிருந்தவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்து ஓபன்டோஃபு என்று தனியே கொண்டுபோனார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அந்த அதிகாரத்தையும் கொடுத்தாயிற்று. நாம் வாங்கும் தாளிலும் நாம் போடும் கையெழுத்திலும், பிறருக்கு எந்த நிபந்தனையிலும் கொடுக்கலாம் என்ற அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வது இதற்காகத்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பவர் தாள் இல்லாததால் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. வி.எல்.சி. என்ற வீடியோ இயக்கி மென்பொருளின் குழு தன் உரிமத்தை ஜி.பி.எல்-லிலிருந்து, அதைவிடச் சற்றுத் தளர்வான எல்.ஜி.பி.எல்-லுக்கு மாற்ற விரும்பியபோது, எழுதிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. 200-க்கும் மேற்பட்டவர்களைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் நேரிலுமாகத் தேடிப் பிடித்தார்கள். பூர்வீக வீட்டை விற்க பம்பாயிலும் கொழும்பிலும் இருக்கும் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்க அலைந்த குடும்பங்களைத் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

மேலே சொன்ன கதைகள் ஜி.பி.எல்., ஏ.ஜி.பி.எல்., எம்.பி.எல். வகை உரிமங்களுக்கு. பி.எஸ்.டி. போன்ற தளர்வான உரிமத்தில் நிரல் இருந்தால், அடுத்த பதிப்பைக் கட்டுப்பாட்டு உரிமத்துக்கு மாற்ற பவர் தாளே தேவையில்லை, உரிமமே இடம் கொடுக்கும். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் மாறியது அப்படித்தான். பழைய உரிமத்திலேயே தொடரும் வால்கீ என்ற கிளை சில நாட்களிலேயே பிறந்தது. எந்தத் தாளில் கையெழுத்து என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த உரிமம் என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, கையெழுத்து மட்டும். டி.சி.ஓ. என்பார்கள், நிரல் எங்கிருந்து வந்தது என்று எழுதியவரே தரும் சான்று. இதன் பிறப்பே ஒரு வழக்கில். 2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம், தன்னுடைய யூனிக்ஸ் இயங்குதள நிரலை ஐ.பி.எம். திருடி லினக்ஸில் சேர்த்துவிட்டது என்று சொல்லி 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. லினக்ஸ் பயன்படுத்திய நிறுவனங்களையெல்லாம் அந்த வழக்கு கலங்கடித்தது. கடைசியில் யூனிக்ஸ் பதிப்புரிமையே எஸ்.சி.ஓ-வுக்குச் சொந்தமில்லை, நோவெல் நிறுவனத்துக்குத்தான் என்று 2007-ல் நீதிபதியும் 2010-ல் ஜூரியும் சொன்னார்கள். மூலப்பத்திரம் இல்லாமலே வயலுக்கு வழக்காடியிருக்கிறார்கள். அப்படியும் ஐ.பி.எம். வழக்கு முழுதாக முடிய 2021 ஆனது.

அந்த அமளிக்கு நடுவில், 2004-ல், ஒவ்வொரு பேட்ச்சும் (நிரலில் செய்து அனுப்பும் திருத்தம்) எங்கிருந்து வந்தது என்று காட்டும் வழி வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கொண்டுவந்தார். பேட்ச்சின் அடியில் ஒரே வரி, "சைன்ட்-ஆஃப்-பை", அதன்பின் பெயரும் மின்னஞ்சலும். இதை நானே எழுதினேன், அல்லது முறையான உரிமம் உள்ள இடத்திலிருந்து எடுத்தேன், இந்தத் திட்டத்தின் உரிமத்தில் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு, இந்தப் பதிவு எல்லோர் பார்வையிலும் இருக்கும் என்பதற்கான உறுதிமொழி அது. உரிமை கைமாறுவதில்லை, கூடுதல் அதிகாரம் யாருக்கும் போவதில்லை. யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாறே வில்லங்கச் சான்றாகிவிடுகிறது.

இதன் குறை, உறுதிமொழி பொய்யாக இருந்தால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை என்பது. எங்கள் நண்பரும் நல்ல எண்ணத்தோடு அந்த வரியைப் போட்டிருப்பார், நோட்டீஸ் அப்படியும் வந்திருக்கும். ஹெல்விக்குக்கு நேர்ந்த சிக்கலும் அப்படியே நிற்கும்.

எதுவுமே எழுதி வாங்காமல் வாய்ப்பேச்சில் நடத்துவது என்ற நாலாவது வழியில்தான் நாங்கள் இருந்தோம். அதைப் பற்றி மேலே சொன்னதே போதும்.

யாருக்கு எது? உரிம மீறலைத் துரத்தி வழக்காடும் பலமும், அறங்காவலர் குழுவும், நீண்ட ஆயுளும் உள்ள அமைப்பு என்றால் கிரயம் வாங்கட்டும். பிற்காலத்தில் உரிமம் மாற்றும் எண்ணம் உள்ள நிறுவனம் பவர் வாங்கட்டும், ஆனால் அந்த எண்ணத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு வாங்கட்டும். எங்களைப் போல ஐந்தாறு பேர், அலுவலகம் இல்லை, வங்கிக் கணக்குகூட ஒருவர் பேரில் என்றால் கையெழுத்து வழிதான் சரி என்பது என் முடிவு. ஆறு பேரின் உரிமையை ஒருவர் பேரில் எழுதிவைத்தால் நாளை அவருக்கு ஒன்று என்றால் அது அவர் வாரிசுகளின் சொத்து. அண்ணாச்சி கேட்ட கேள்வி இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

கையெழுத்தோடு நாங்கள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம், திட்டத்தின் பெயரும் உரிமத்தின் பெயரும் குறிப்பிட்டு. மூன்று பேர் கொண்டுவந்தார்கள். ஒருவருடைய நிறுவனம் தர மறுத்துவிட்டது. அவர் இப்போது நிரல் எழுதுவதில்லை. மண்டிகளுக்குப் போய் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் எழுதி அனுப்பும் பயனர் குறிப்புகள்கூட எழுத்துதானே என்று பெரியப்பா கேட்டார். அதற்கும் நிறுவனத்திடம் தனியே எழுதி வாங்கினோம்.

சென்ற மாதம் வீரவநல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எடைத் தராசை நேரடியாக இணைக்கும் பேட்ச் அனுப்பினார். வேலையில் இல்லாதவர், கடிதம் தேவையில்லை, கீழே கையெழுத்து வரியும் சரியாக இருந்தது. கேட்டபோது பாதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்தது என்று மறைக்காமல் சொன்னார். "இதை நானே எழுதினேன்" என்ற உறுதிமொழி அந்தப் பாதிக்கு எப்படிப் பொருந்தும் என்று எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. எந்தெந்த வரி தன் கையால் எழுதியது, எது கருவி கொடுத்தது என்று பிரித்துக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பேட்ச் இன்னும் சேர்க்கப்படாமல் இருக்கிறது, அண்ணாச்சி மண்டியில் எடையை இன்றும் கையால்தான் பதிகிறார்கள்.