கோபாலபுரத்தில் மாலை, கொழிஞ்சாம்பாறையில் சாப்பாடு

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். மூத்தவள் கல்யாணம் கேரளத்தில் நடந்தது, இளையவள் கல்யாணம் தமிழ்நாட்டில். இரண்டு மாநிலத்துப் பதிவுக்கும் அலைந்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

மூத்தவள் கதை சின்னது. கோயிலில் தாலி கட்டினார்கள், கோயிலில் சான்று கொடுத்தார்கள். இங்கே 45 நாட்களுக்குள் பஞ்சாயத்தில் மனு கொடுக்க வேண்டும். எங்கள் அட்சயா மையத்துப் (கேரளத்தின் இ-சேவை மையம்) பெண் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்பினாள். அவளுக்கு முழு மதிப்பெண். மின்சாரம் போனால் மட்டும் நம் தலையெழுத்து.

இளையவளுக்குப் பொள்ளாச்சிப் பையன். சம்பந்தி ஓய்வுபெற்ற வாத்தியார், பரம்பரைச் சுயமரியாதைக்காரர். ஐயர், ஓமம் எதுவும் கூடாது. மண்டபம் மட்டும் எங்கள் ஊரில், முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அட்சயா பெண்ணிடம் கேட்டேன். "கோயில் சான்று இல்லாவிட்டால் என்ன சேச்சி, வார்டு மெம்பர் எழுதிக் கொடுத்தால் பதிந்துவிடலாம்" என்றாள். இதைச் சொன்னதும் சம்பந்தி கையை உயர்த்தினார். "பதிவது வேறு, கல்யாணம் செல்லுவது வேறு அம்மணி."

அவர் சொன்னது இது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் டில்லி போட்டது. யாராவது ஒரு தரப்பின் வழக்கப்படி சடங்கு நடக்க வேண்டும் என்கிறது. அண்ணா முதல்வரானதும் 1967இல் அதில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உற்றார் உறவினர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஆனால் பொள்ளாச்சிச் சாலையில் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பிரிவு கிடையாது.

ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம், அவர்கள் உறவினர் தென்னந்தோப்பில் மாலை மாற்றினார்கள். பிறகு இரண்டு வேன்களில் ஏறி மண்டபத்துக்கு வந்தோம். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். கசங்கிய சம்பங்கி மாலையோடு மகள். "கல்யாணம் முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?" என்றார். "அங்கே முடிந்தது, இங்கே பந்தி" என்றார் சம்பந்தி.

தமிழ்நாட்டில் 90 நாள் அவகாசம். அந்தப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மிகக் குறைவு. "நடத்தி வைத்தது யார்?" என்றார் எழுத்தர். "அவர்களேதான்." பேனா நின்றுவிட்டது. புரோகிதர் கையெழுத்து இல்லாமல் முடியாதாம். 7ஏ பிறந்த மாநிலத்திலேயே இந்தக் கேள்வி! இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். சாட்சிகள் இரண்டு நாள் கூலியை விட்டார்கள். மூன்றாம் முறை வேறொருவர் இருந்தார், பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

திருமணச் சட்டம் யார் கையில் இருக்க வேண்டும் என்று அன்று வேனில் சம்பந்தியோடு வாதம். அரசியலமைப்பில் அது பொதுப்பட்டியலில் இருக்கிறது. டில்லியும் மாநிலமும் சட்டம் போடலாம், மோதினால் டில்லியின் சட்டமே நிற்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். மாநிலத்திடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். அதே வழியில்தான் 2024இல் உத்தராகண்ட் பொது சிவில் சட்டம் கொண்டுவந்தது, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களையும் பதிவு செய்யச் சொல்கிறது, அதற்கும் கை தட்டுவீர்களா என்றேன். வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணக்கு வேறு: மாநிலம் புதிய வழி திறக்கட்டும், ஓரிடத்தில் செல்லும் கல்யாண முறை மற்ற இடத்திலும் செல்லும் என்று டில்லி ஒரு வரி எழுதட்டும். 7ஏ கல்யாணத்துக்குக் கோபாலபுரம் வரை வேன் பிடிப்பது மிச்சமாகும்.

கடைசியில் மகளின் சான்றிதழை ரேஷன் கார்டு வேலைக்காக அட்சயா மையத்துக்கே கொண்டுபோனேன். அந்தப் பெண் ஸ்கேன் செய்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சேச்சி, அந்தத் தென்னந்தோப்பை வாடகைக்குத் தருவார்களா?"