மூணாறில் ஃபயர்பிளேஸ் மேன்டில்: ஒரு ஆசாரியின் வேலை எப்படி?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூணாறில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். ஹோம்ஸ்டேக்கு போன் செய்கிறவர்கள் ரேட்டைக் கேட்பதற்கு முன்பே ஃபயர்பிளேஸ் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதனால் முன்கூடத்தில் ஒன்று கட்டினோம். அதற்கு மேன்டில், அதாவது அடுப்பு வாய்க்கு மேலே வரும் மரப்பலகையும் இரண்டு பக்கத் தூண்களும் செய்யும் வேலையை, தேவிகுளம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆசாரியிடம் கொடுத்தேன். கல் பதித்தது அவருடைய மச்சான். ஒரு குளிர்காலம் முழுக்க எரித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மரவேலை அருமை. நன்றாகக் காய்ந்த பலா மரம். எந்த மூட்டிலும் ஆணி தெரியாது. பலகையின் முன் ஓரத்தை இழைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் கை தானாகத் தடவப் போகும்.

ஆனால் அளவை மட்டும் அவர் போக்கில் விட முடியாது. முதல் நாள் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டார். அடுப்பு வாய்க்கு 6 இஞ்ச் மேலே, 9 இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. தூண்கள் வாயை ஒட்டியே.

"இப்படி வச்சாத்தான் எடுப்பா இருக்கும் டீச்சர். எஸ்டேட் பங்களாவுலயும் இதே மாதிரிதான்."

எங்கள் அப்பா எஸ்டேட் பங்களா சமையல்காரர். அந்தக் கூடம் எனக்கு நன்றாகத் தெரியும். வாயைச் சுற்றிலும் அகலமாகக் கல் பதித்து, அதற்கும் வெளியேதான் மரம் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே என்எஃப்பிஏ 211 என்ற தரவிதி இருக்கிறது. அடுப்பு வாயிலிருந்து 6 இஞ்சுக்குள் மரமே கூடாது. 12 இஞ்ச் வரைக்கும், தள்ளி வைக்கிற ஒவ்வொரு இஞ்சுக்கும் எட்டில் ஒரு பங்கு இஞ்ச்தான் மரம் சுவரிலிருந்து வெளியே நீட்டலாம். ஆசாரி டேப்பில் இஞ்சுக்கு எட்டு நூல் அல்லவா? "தள்ளுற இஞ்சுக்கு ஒரு நூல் அண்ணே" என்றேன். அப்புறம் பேச்சே இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 8 இஞ்ச் தள்ளினால் 8 நூல், ஒரு இஞ்ச் புடைப்பு. தூணுக்கு அது சரியாக வந்தது. 11 இஞ்ச் தள்ளினாலும் ஒரு இஞ்ச் 3 நூல்தான். ஒன்பது இஞ்ச் பலகைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் அந்த 12 இஞ்சையும் தாண்டி, பலகையை அடுப்பு வாய்க்கு 14 இஞ்ச் மேலே ஏற்றிவிட்டோம். நடுவில் கிரானைட்.

தரைக்கும் கணக்கு உண்டு. எங்கள் அடுப்பு வாய் 30க்கு 26 இஞ்ச், 6 சதுர அடிக்கு உள்ளேதான் வருகிறது. அந்த அளவுக்கு முன்னால் 16 இஞ்ச், இரு பக்கமும் 8 இஞ்ச் கல் தரை வேண்டும். இங்கே எரிப்பது பெரும்பாலும் கிராண்டிஸ், அதாவது ஒரு வகை யூகலிப்டஸ் விறகு. ஈரமாக இருந்தால் சடசடவென்று வெடித்துத் தெறிக்கும், மரத்தரை போட்டவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

தீ நாக்கு பலகையைத் தொடுவதில்லையே என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். தொட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் சூடு வாங்கிய மரம் உள்ளுக்குள் கருகி, புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பலகையின் அடிப்பக்கம் நிறம் மாறினாலோ வார்னிஷ் கொப்பளித்தாலோ உஷாராகிவிட வேண்டும். எங்களுடையதில் இதுவரை அப்படி எதுவும் இல்லை.

இவை செங்கல், கல் வைத்துக் கட்டிய அடுப்புக்கான அளவுகள். வார்ப்பிரும்பு ஸ்டவ்வோ கேஸ் ஃபயர்பிளேஸோ வாங்கினால், அதன் கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளிதான் கணக்கு.

குறைகள்? சொன்ன தேதிக்கு வரவே மாட்டார். கிரானைட் இடுக்கில் சிமென்ட் கறையை அப்படியே விட்டுப் போனார்கள், நான்தான் சுரண்டினேன். கூலியும் கொஞ்சம் கூடுதல். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குளிருக்குள் வேலை முடிய வேண்டுமென்றால் ஓணத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அளவு எழுதிய தாளையும் கையில் கொடுத்துவிடுங்கள்.