முதியோர் விழுவதைத் தடுக்க வீட்டுக்கே வரும் மதிப்பீட்டுச் சேவை: எங்கள் அனுபவம்

எண்பதை நெருங்கும் என் தாயாருக்காக, முதியோர் விழும் அபாயத்தை வீட்டுக்கே வந்து மதிப்பிடும் சேவை ஒன்றைப் பயன்படுத்தினோம். ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் ஒரு செவிலியரும் வந்து, ஆளையும் வீட்டையும் பார்த்து, எழுத்தில் அறிக்கை தந்து, அதன்பின் சில மாதங்களுக்கு உடற்பயிற்சி கற்றுத்தருவது என்பது ஏற்பாடு. முதல் நாள் மதிப்பீடு நான் எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு சிறப்பாக இருந்தது. அதற்குப் பின் வந்த தொடர்பயிற்சி அந்தத் தரத்தில் இல்லை.

இத்தகைய சேவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான், அதிலும் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஆயினும் கால் தடுக்கியது, தரை ஈரமாக இருந்தது என்று காரணம் சொல்லிவிட்டு, தடுமாறிய உடல் ஏன் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள முடியவில்லை என்பதை நாம் கேட்பதே இல்லை. வந்தவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினார்கள். குளியலறையை எட்டிப் பார்க்கும் முன், கடந்த ஓராண்டில் விழுந்தாரா, நிற்கும்போது தள்ளாடுகிறதா, விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா என்று அம்மாவிடமே கேட்டார்கள். அவருக்காக நான் பதில் சொல்ல முற்பட்டபோது பிசியோதெரபிஸ்ட் கனிவோடு தடுத்துவிட்டார்; அது எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு, கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு நாடாவை ஒட்டினார்கள். எழுந்து, நாடாவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கொள்வார்கள். பிசியோதெரபிஸ்ட்டின் பார்வை கடிகாரத்தை விட அம்மாவின் பாதங்களிலேயே இருந்தது. நேராக நடக்கையில் குறை தெரியவில்லை. திரும்பும் இடத்தில் மட்டும் அம்மா சட்டென்று சிறு சிறு அடிகளாக வைத்து, ஒரு கையால் காற்றைத் துழாவினார். “அவசரமே இல்லை அம்மா, மெதுவாகத் திரும்புங்கள்” என்று சொல்லியபடி, தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் தன் கையை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி 10 வினாடி நிற்கும் சோதனையில் அம்மாவால் பாதி நேரம்கூட நிற்க இயலவில்லை.

செவிலியர் செய்தது இன்னும் முக்கியமானது. அம்மாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. அம்மாவுக்கு மேல் அளவு அதைவிடவும் குறைந்தது. எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவர் சொல்லிவந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அடுத்து எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொல்லி, இரவில் போடும் தூக்க மாத்திரை, சளிக்கு வாங்கிவைத்திருந்த மயக்கம் தரும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொண்டார். எதையும் அவராக நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். மருத்துவர் அதைப் படித்து மருந்துகளை மாற்றியமைத்த பிறகு காலைத் தலைசுற்றல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வீட்டைப் பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் தெரிந்தவையே: நழுவும் கால்மிதிகளை எடுப்பது, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்கள். உறிஞ்சுகிண்ணத்தால் சுவரில் ஒட்டும் கைப்பிடியையும் துண்டு போடும் கம்பியையும் நம்பக் கூடாது, உடல் எடையைத் தாங்கும்படி சுவரில் திருகாணி போட்டுப் பொருத்திய கைப்பிடியே வேண்டும் என்றார்கள்.

குறை தொடங்குவது பயிற்சியில். விழுவதைக் குறைக்கப் பயிற்சி உதவும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன், 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, விழும் விகிதம் பயிற்சியால் 23 சதவீதம் குறைவதாகக் காட்டியது. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டமும் கால் வலிமையையும் சமநிலையையும் மையமாகக் கொண்டதுதான். ஆனால் பிடிமானத்தைச் சிறிது சிறிதாக விடுவித்து, நிலையை மெல்ல மெல்லக் கடினமாக்கினால்தான் அந்தப் பலன் கிட்டும். எங்களுக்கோ முதலில் வந்தவர் வராமல் ஒவ்வொரு முறையும் புதியவர் வந்தார். வந்தவர்கள் அறிக்கையைப் படிக்காமல், முதல் தாளிலிருந்த அதே பயிற்சிகளையே செய்யவைத்தார்கள். திரும்பும்போது வரும் தடுமாற்றத்திற்கென்று ஒருவரும் ஒன்றும் கற்றுத்தரவில்லை. பயிற்சித் தாளின் எழுத்தும் அம்மாவால் படிக்க இயலாத அளவுக்குப் பொடியாக இருந்தது. முறையிட்ட பின்பே முதல் பிசியோதெரபிஸ்ட்டை மீண்டும் அனுப்பினார்கள். அதன்பிறகுதான் முன்னேற்றம் தெரிகிறது.

கழுத்தில் தொங்கவிடும் அபாய மணியையும் வாங்கச் சொன்னார்கள். அது விழுவதைத் தடுக்காது. விழுந்தவர் நெடுநேரம் தரையில் கிடக்காமல் காக்கலாம். தனித்து வாழ்பவருக்கு அவசியமானது, எப்போதும் ஆள் இருக்கும் எங்கள் வீட்டில் தேவைப்படவில்லை. அதைவிடப் பயனுள்ளது, தரையிலிருந்து எழ அவர்கள் தந்த பயிற்சி: ஒருக்களித்து, முட்டியிட்டு, அசையாத நாற்காலியைப் பற்றி, வலுவான காலை முன்வைத்து எழுவது. இடுப்பில் வலி இருந்தால் தூக்கக் கூடாது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் எங்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்தார்கள்.

ஒருமுறையேனும் விழுந்தவர், விழும் பயத்தால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டவர், பல மருந்துகள் எடுப்பவர் உள்ள வீடுகளுக்கு இந்த மதிப்பீட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதிவு செய்யும்முன் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்ப்பார்களா, பயிற்சிக்கு அதே ஆள் வருவாரா, சோதனைகளை மறுபடி எப்போது செய்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.