நான்கு முனை பிளக், ஏழு முனை சாக்கெட், நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி

தொண்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் படகோடு சேர்த்து அமெரிக்கத் தயாரிப்பு டிரெய்லர் ஒன்றை வாங்கவிருக்கிறார். என் டிரெய்லரின் விளக்குகளை பிக்கப் வண்டியோடு இணைக்க நான் பயன்படுத்தும் மாற்றிப் பெட்டியைத் தானும் வாங்கலாமா என்று கேட்டார். தயங்காமல் வாங்கச் சொன்னேன். அன்று மாலையே பாம்பன் பாலத்தில் டிரெய்லர் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்ததால், பதிலைச் சற்று விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

முதலில் பெட்டிக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது ஐஎஸ்ஓ 1724 என்ற சர்வதேசத் தரப்படியான 12 வோல்ட் ஏழு முனை சாக்கெட். அதில் மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், வெள்ளை எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பழுப்பும் கறுப்பும் பின்விளக்குகள். டிரெய்லரில் இருப்பது தட்டையான நான்கு முனை பிளக். அதிலும் மஞ்சள் இடது, பச்சை வலது, பழுப்பு பின்விளக்கு, வெள்ளை எர்த். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் எல்லாம் பொருந்திவிட்டதாகவே தோன்றும், இண்டிகேட்டரும் ஒழுங்காக மின்னும். ஆனால் பிரேக்கை மிதித்தால் டிரெய்லரில் எதுவும் எரியாது, ஏனெனில் அந்த அமெரிக்க முறையில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு, ஒரே ஒயர். வண்டியின் பிரேக் ஒயரை மஞ்சளோடும் பச்சையோடும் முறுக்கிவிட்டால் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இடது இண்டிகேட்டரின் மின்சாரம் அந்த முடிச்சு வழியாக வலப்பக்கத்துக்கும் பாய்ந்து இரு பக்கமும் சேர்ந்து மின்னும். மாற்றிப் பெட்டியோ, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனக்கென மின்சாரம் எடுத்துக்கொண்டு, வண்டியின் ஒயர்களில் வருவதை வெறும் குறிப்பாக மட்டும் வாங்கிக்கொள்கிறது. பிரேக்கை மிதித்தபடி இடப்பக்கம் திரும்பினால் இடது விளக்கு மின்ன, வலது விளக்கு நிலையாக எரிகிறது. இத்தனை சிறிய பெட்டி இந்தக் கணக்கை ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

என் கோபமெல்லாம் அந்தத் தட்டை பிளக்கின் எர்த் முனை மேல்தான். வண்டிப் பக்கத்தில் மின்சாரம் வரும் மூன்று முனைகளும் ரப்பருக்குள் மறைந்திருக்க, எர்த் மட்டும் வெற்றுப் பித்தளையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியின் உடலில் பட்டாலும் ஷார்ட் ஆகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர் மண்டபம் கடற்கரையில் ஒரு வாரம் தங்கியிருக்க வேண்டும். வாடைக் காலத்தில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது படகை எடுத்துத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இறக்க வேண்டியிருப்பதால், வண்டி இரண்டு கரையின் உப்பையும் வாங்குகிறது, அந்த முனை சில நாட்களிலேயே பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. எல்லா விளக்குகளின் மின்சாரமும் திரும்பி வர வேண்டிய ஒரே வழி அதுதான்: பிரேக்கின் 21 வாட் இழை இரண்டும் பின்விளக்கின் 5 வாட் இழை இரண்டும் ஒன்றாக எரிந்தால் நான்கு ஆம்பியருக்கு மேல். அங்கே ஒரு ஓம் தடை உண்டானாலே ஏறக்குறைய மூன்று வோல்ட் அதிலேயே போய்விடும்.

முனை முழுவதும் விட்டுப்போனால் இன்னும் வேடிக்கை. மின்சாரம், டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கிக் குண்டின் கிரீசும் துருவும் வழியாகத் திரும்பப் பார்க்கும். சாலை சமமாக இருக்கும்வரை விளக்கு எரியும், பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது அணையும். அந்த வழியும் இல்லையென்றால் இண்டிகேட்டரின் மின்சாரம் அதே பல்பின் இன்னொரு இழை வழியாகப் பின்விளக்கு ஒயருக்குள் நுழைந்து, சம்பந்தமில்லாத விளக்குகளை மங்கலாக மினுக்கும். இதைப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் எவரும் முதலில் பெட்டியைத்தான் குற்றம் சொல்கிறார். என் பெட்டியை ஒருவர் கழற்றியே வைத்துவிட்டார். உப்புத்தாள் கொண்டு அந்த முனையைத் தேய்த்ததும் எல்லாம் சரியாயிற்று.

படகை இறக்கும்முன் பிளக்கைக் கழற்றுவது, வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு வாசலின் தடவுவது ஆகியவற்றை விடாமல் செய்கிறேன். களிம்பு தாமதமாக வருகிறது, வராமல் இருப்பதில்லை. டிரெய்லரின் சட்டத்திலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியாக ஒரு கனமான எர்த் ஒயர் போட்ட பிறகுதான் ஓரளவு நிம்மதி. அதையும் மாட்ட மறந்த நாளில்தான் பாம்பன் பாலத்தில் அப்படி ஆனது என்று டிரைவர் பிறகு ஒப்புக்கொண்டார்.

ஆகவே நண்பருக்கு: டிரெய்லர் வந்ததும் தட்டை பிளக்கை வெட்டிவிடுங்கள். மூடியுள்ள ஏழு முனை பிளக்கைப் போட்டு, பழைய மஞ்சள், பச்சை ஒயர்கள் இரண்டையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு ஆம்பர் இண்டிகேட்டர்களைப் புதிதாக வையுங்கள். சிவப்பு விளக்கு மின்னுவதை நம் சாலையில் பின்னால் வருபவர் திரும்பும் அறிகுறியாக எடுத்துக்கொள்வதும் இல்லை. மாற்றிப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். என் டிரெய்லரில் அது இருக்கட்டும்; அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.